தளும்பாத நடை

சலங்கை கட்டிய பதினொரு பிள்ளைகள் இடுப்பில் குடத்தோடு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வரிசையாக நடந்து வந்தார்கள். பச்சை, நீலம், ரோஸ் பிளாஸ்டிக் குடங்கள். கழுத்தில் சரிகை நாடா ஒட்டி, வயிற்றில் ஜிகினா தூவி, அவரவர் அம்மாமார் ஜோடித்துக் கொடுத்தவை. பாட்டுக்கு ஏற்றபடி இடுப்பு வெட்டி வெட்டிப் போனது. குடமும் கூடவே ஆடியது. கூட்டிப்போக வந்திருந்த தாய்மார்களுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் கையைத் தட்டி நிறுத்தினேன்.

"குடத்துக்குள்ள என்ன மக்கா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, டீச்சர்."

"அதான் நடை இப்படி வருது."

நாகர்கோவிலில் முப்பது வருஷமாக நாட்டியம் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவானாலும் கோயில் கொடையானாலும் குடத்தோடு ஒரு ஆட்டம் கண்டிப்பாகக் கேட்பார்கள். இத்தனை வருஷமும் நானும் வெறுங்குடத்தோடுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் மனசு ஒப்பவில்லை என்று கேட்டால், அதற்கு முந்தின வாரம்தான் என் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அம்மாவின் உச்சந்தலையில், வகிடு எடுக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடியே கிடையாது. சும்மாடு வைத்து வைத்துத் தேய்ந்துபோன இடம். கடைசியாகக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்கும்போது என் விரல் அங்கே போய் நின்றது.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, ராதாபுரம் பக்கம். வாழ்க்கைப்பட்டது கணவாய்க்கு மேற்கே, பூதப்பாண்டிப் பக்கம். அந்தக் கணவாயைப் பஸ்ஸில் தாண்டியவர்களுக்குத் தெரியும், கண்ணெதிரே நாடு மாறும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக இந்த வாசல் வழியே கிழக்கே பாய்கிறது. அந்தக் காற்றைப் பிடிக்கத்தான் முப்பந்தலில் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கே இருப்பவர்களுக்கு இரண்டு மழையும் உண்டு. பழையாறு உண்டு, கோதையாறு உண்டு, 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை உண்டு. கலப்பைக்கு 'நாஞ்சில்' என்று ஒரு பெயர். அந்தப் பெயரையே நாட்டுக்கும் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வயலும் வரப்புமான மண். கிழக்கே உடைமரமும் பனையும் தேரி மணலும். கோதையாற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு ராதாபுரம் கால்வாய் வழியாக எங்கள் பக்கத்துக் குளங்களுக்கும் வரும். ஆனால் அது வயலுக்கான தண்ணீர். வரும் வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு.

எங்கள் ஊர்க் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு ஒன்றரை மைல் தள்ளி ஓடைக்குள் போகவேண்டும். மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று கசியும். சுற்றி உட்கார்ந்து காத்திருக்கவேண்டும். ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மேலாக்கில் கோரவேண்டும். அடியைத் தொட்டால் கலங்கிவிடும், பிறகு தெளிகிறவரை இன்னொரு காத்திருப்பு. ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அதனால் விடிவதற்கு முன்பே போய் இடம் பிடிப்போம். எனக்கு ஒன்பது வயதில் முதல் குடம்.

அம்மா தன் பழைய சேலைக் கிழிசலை முறுக்கிச் சும்மாடு கட்டித் தந்தாள். குடம் நிறைந்ததும் வாயில் ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டாள். முகர்ந்து பார்க்கத் தோன்றும் வாசனை. ஆனால் வாசனைக்காகப் போட்டதில்லை. இலை மேலே மிதந்தால் தண்ணீர் அலையடிக்காது. பிறகு சொன்னாள்: "ஏளா, காலப் பாக்காத. தூரத்துல அந்தப் பனையைப் பாத்து நட. கழுத்துக்கு மேல நீ இல்லன்னு நெனச்சுக்க."

பிற்பாடு நாட்டியம் படிக்கப் போனபோது, அரைமண்டியில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்தி, 'பார்வை நேராக' என்று ஆசிரியை சொன்னதும் எனக்கு அது புதுசாக இல்லை. பாதி பாடத்தை ஓடை மணலிலேயே படித்திருந்தேன்.

கல்யாணமாகி நாஞ்சில் நாட்டுக்கு வந்த மறுநாள் காலை. வீட்டுக்குப் பின்னால் சானல், நிறைய ஓடிக்கொண்டிருந்தது. என் மாமியார் அடுக்களையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து வந்து, அதில் கிடந்த முக்கால் குடம் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தார். "நேத்துள்ள தண்ணி" என்றார். என் கை என்னை அறியாமல் குடத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைச் சானல் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், "இதுல கால நனச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இரி மக்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வறண்ட ஊர்க்காரிக்கு அவர் சொன்ன முதல் ஆறுதல் அது.

அம்மா செத்த துக்கத்தில் இருந்த எனக்கு, நாம் ஆடுகிற ஆட்டங்களில் இந்தக் குடம் எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றியது. தேடத் தேட, அது எங்கும் இருந்தது.

சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையில், மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று குடக்கூத்து. வாணாசுரன் அநிருத்தனைச் சிறைவைத்தபோது, அவனை மீட்கப்போன கண்ணன் அந்த நகரத்து வீதியில் குடங்களோடு ஆடினான் என்பது கதை. நம்மாழ்வார் திருமாலைக் 'குடக்கூத்தன்' என்றே கூப்பிடுகிறார். அவருடைய தாய் உடையநங்கைக்குப் பிறந்த ஊர் இங்கே பக்கத்துத் திருப்பதிசாரம்தான். ஆகவே இந்தக் கூத்தின் பெயர் எங்கள் வயல்வெளிக்கு அந்நியம் இல்லை. ஆனால் அது தெய்வம் ஆடிய கூத்து, ஆண் ஆடிய கூத்து. வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனங்களுக்காக ஆடியது. அந்தக் குடத்தைச் சுமந்துபோய் யாருடைய அடுப்படியிலும் இறக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

அடுத்தது கரகம். எங்கள் பக்கம் கும்பாட்டம் என்றும் சொல்வார்கள். முத்தாரம்மன் கோயிலிலோ இசக்கியம்மன் கோயிலிலோ கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும், நையாண்டி மேளம் இருக்கும், கரகம் இருக்கும். இதில் இரண்டு வகை. சக்திக் கரகம் என்பது சாமி. ஆற்றங்கரையிலோ குளத்தங்கரையிலோ கிணற்றடியிலோ வைத்து, குடத்தில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் ஜோடித்து, அங்கிருந்து மேளதாளத்தோடு கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். ஆட்டக் கரகம் என்பது கலை. அதில் தண்ணீர் இருக்காது. செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டுக் கனம் ஏற்றியிருப்பார்கள். தலையில் உட்காருவதற்காக அடிப்பாகத்தைக் கொஞ்சம் உள்ளே தட்டியிருப்பார்கள். உச்சியில் நெட்டியில் செய்த கிளி சுற்றும். ஜோடிக்கிற பூ பெரும்பாலும் தோவாளைச் சந்தையிலிருந்து வந்ததாக இருக்கும்.

சக்திக் கரகத்தின் வாயில் ஏன் வேப்பிலை? அம்மனுக்கு உகந்தது, அம்மை நோய்க்கு மருந்து, எல்லாம் சரி. ஆனால் எனக்கு அம்மா போட்ட அந்த ஒரு கொத்துதான் ஞாபகம் வருகிறது. நீர்நிலையிலிருந்து நிறைகுடத்தை ஒரு சொட்டும் சிந்தாமல் ஊருக்குள் கொண்டு வருவதுதான் அந்தச் சடங்கின் உயிர். அதை எங்கள் ஊர்ப் பெண்கள் மேளம் இல்லாமல் தினமும் நாலு தடவை செய்தார்கள். தெய்வத்தின் குடத்தைப் பெரும்பாலும் ஆண்தான், பூசாரிதான், சுமக்கிறார். அவருக்கு ஊரே விலகி வழிவிடும், காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும். வீட்டுக் குடத்தைச் சுமக்கிறவளுக்கு யாரும் வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு கொடையில் வயதான கரகாட்டக் கலைஞர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சும்மாடு இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். "சும்மாடு வச்சா அது சுமை. வைக்காட்டா அது தலை" என்றார். விளக்கமும் சொன்னார்: முட்டி மடங்கியே இருக்கவேண்டும், அதிர்ச்சியெல்லாம் முட்டியிலும் இடுப்பிலும் தீர்ந்துவிடவேண்டும், கழுத்துவரை ஏறக்கூடாது. என் அம்மா சொன்ன அதே வார்த்தை. அந்தக் கரகாட்டக்கார அம்மாவின் கலையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் எப்படிப் பார்க்கிறது, என்னென்ன கூப்பாடு போடுகிறது என்பதையும் அன்று கண்டேன். அவர் முகம் மாறவில்லை. தலையும் அசையவில்லை. எனக்குத்தான் அங்கே உட்காரமுடியவில்லை.

குடம் தலையில் ஏறிய ஆட்டங்கள் மற்ற ஊர்களிலும் உண்டு. ராஜஸ்தானத்துப் பவாய் நடனத்தில் பெண்கள் ஏழெட்டுக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஆடுவார்கள். அங்கேயே 'பனிஹாரி' என்று தனியாக ஒரு பாட்டு வகை இருக்கிறது. தண்ணீர் சுமப்பவள் என்றுதான் பொருள். குச்சிப்புடியின் தரங்கத்தில், தலையில் தண்ணீர்ச் செம்போடு பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடுவார்கள். கதக்கில் குடம் ஏந்திய பெண்ணின் நடைக்கென்றே ஒரு 'கத்' உண்டு. கண்ணன் கல்லெறிந்து குடம் உடைக்கிற காட்சி அதில் வராமல் இருக்காது. நம் சினிமாவிலும் எத்தனை பாட்டில் கதாநாயகி குடத்தோடு வந்திருக்கிறாள்! குடம் உடைந்ததும் அவள் சிணுங்குவாள், பிறகு சிரிப்பாள். எங்கள் ஊரில் குடம் உடைந்தால் அழுவார்கள். உடைந்தது மண்குடம் மட்டும் இல்லை, அரைமணி நேரம் கோரிய தண்ணீரும் நடந்த மூன்று மைலும் அதோடு போயிற்று.

அந்த அழுகையைத் திரையில் நான் பார்த்தது ஒரே படத்தில்தான். கோமல் சுவாமிநாதன் எழுதி 1980-ல் மேடையேறிய 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை, அடுத்த ஆண்டு கே. பாலசந்தர் படமாக எடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்கிற ஊரின் கதை. செவந்தியாக சரிதா நடித்திருப்பார். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது கிடைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் டெண்டுக் கொட்டகைக்கு அது வந்தபோது, பெண்கள் பகுதியில் மணல்மேல் உட்கார்ந்து பார்த்தோம். மற்ற படங்களுக்கு முறுக்குச் சத்தமும் பிள்ளைச் சத்தமுமாக இருக்கும். அன்றைக்கு அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள். வீடு வந்து சேர்கிறவரை பேசவில்லை.

இந்த நடை அழகாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓர் அறிவியல் விளக்கமே உண்டு. 1986-ல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கென்யாவின் லுவோ, கிகூயு இனப் பெண்கள் தலைச்சுமையோடு நடக்கும்போது எவ்வளவு மூச்சுக்காற்று செலவாகிறது என்று அளந்தார்கள். தங்கள் உடல் எடையில் 20 சதவீதம்வரை சுமந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிட அவர்களுக்குக் கூடுதலாகச் செலவாகவில்லை. ஆய்வாளர்களுக்கே ஆச்சரியம். 1995-ல் அதே இதழில் காரணத்தையும் சொன்னார்கள். நாம் நடக்கும்போது உடம்பு தலைகீழ் ஊசல்போல ஒவ்வொரு காலின்மேலும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் வீணாகும் ஆற்றலை அந்தப் பெண்கள் சுமையோடு நடக்கையில் இன்னும் சிக்கனமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். சின்ன வயதிலிருந்து சுமந்து பழகிய உடம்பு கண்டுபிடித்துக்கொண்ட வித்தை அது.

இதைப் படித்துவிட்டு, சுமப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 20 சதவீதம் என்றால் 9 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நம் வீடுகளில் புழங்குகிற சாதாரணப் பிளாஸ்டிக் குடமே 12, 13 லிட்டர் கொள்ளும். பித்தளைக் குடமென்றால் குடத்தின் கனமும் சேரும். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வருகிறவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ பகுதியில் தண்ணீர் சுமப்பவர்களிடம் விசாரித்து 2010-ல் வெளியான ஆய்வு, கழுத்துவலியையும் முதுகுவலியையும்தான் எடுத்துச் சொல்கிறது. இது பழைய கதையும் இல்லை. வீட்டு வளாகத்துக்குள் குடிதண்ணீர் இல்லாதவர்கள் உலகத்தில் 180 கோடிப் பேர் என்றும், அப்படிப்பட்ட வீடுகளில் பத்துக்கு ஏழில் தண்ணீர் எடுப்பது பெண்களும் சிறுமிகளும்தான் என்றும் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் கணக்குச் சொன்னார்கள். நம் நாட்டில் 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, கிராமத்து வீடுகளில் குழாய் இணைப்பு இருந்தது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குத்தான். நான் பிறந்த ஊரில் இப்போது குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வராத நாளில் சைக்கிளிலும் டிவிஎஸ் வண்டியிலும் குடம் கட்டிக்கொண்டு ஆண்கள் போகிறார்கள். சக்கரம் வந்த பிறகுதான் அவர்களும் வந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீர்வளம் உள்ள நாடு என்று சொல்லப்படும் இந்த மாவட்டத்திலும் தண்ணீரைச் சுமந்துதான் ஆகவேண்டியிருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் எட்டிக் கீழே பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது கீழே இறங்கி அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். காமராஜர் காலத் திட்டம், 28 தூண்கள், உயரம் 115 அடி. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, பரளியாற்றுக்கு மேலே தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது. தூண்களெல்லாம் வரிசையாகத் தலையில் தண்ணீர் சுமந்து நிற்கிற பெண்கள் மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு பிள்ளையும் அதையே சொன்னாள். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தரும் முக்கடல் அணை வற்றுகிற கோடையில், எங்கள் தெருவிலேயே குடங்கள் வரிசை கட்டுவதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

இந்தத் தேடலில் என்னை அதிகம் உலுக்கியது ஆட்டமும் இல்லை, படமும் இல்லை, ஒரு கல். சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். ஓர் ஆள் தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் அப்படியே நகர்த்தி வைக்கிற உயரம். பழைய திருவிதாங்கூர்ப் பாதைகளில் நிறைய உண்டு. சிலவற்றில் கொல்லம் ஆண்டு பொறித்திருக்கும். பிள்ளை பெறாமல் வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைக்கிற கல் அது. அவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாள். மற்றவர்கள் இங்கே இறக்கி இளைப்பாறினால் அவளுக்கும் சுமை இறங்கும் என்பது நம்பிக்கை. ரோடு அகலமாக்கும்போது பலவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று இருக்கிறது. இப்போது அதில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்கள். இந்த நாட்டில் பெண் சுமந்ததை மதித்து யாராவது ஒரு சிற்பம் செய்தார்கள் என்றால் என்னைப் பொறுத்தவரை அது அந்த மூன்று கல்தான். உருவம் இல்லை, முகம் இல்லை, இடுப்பு வளைவு இல்லை. உயரம் மட்டும் சரியாக இருக்கிறது.

அந்தக் கல்லை நடுவில் வைத்து உருப்படி அமைக்கவேண்டும் என்று தீர்மானித்தேன். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கையைக் கோத்தால் சுமைதாங்கி. மற்ற ஒன்பது பேரும் ஊற்றிலிருந்து குடத்தோடு வருவார்கள், இறக்குவார்கள், நிற்பார்கள், மறுபடி ஏற்றிக்கொண்டு போவார்கள். குடத்தில் நிஜமான தண்ணீர். பெரிய குடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஐந்து லிட்டர் குடம்தான், அதுவும் இடுப்பில்தான். எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது இதைவிடப் பெரிசு. அது இவர்களுக்கு வேண்டாம்.

முதல் நாள் பாதிக் குடம் நிறைத்துக் கொடுத்தேன், பழகட்டும் என்று. அது தப்பாகப் போயிற்று. 'நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்' என்று சும்மாவா சொல்லியிருக்கிறார்கள்? பாதிக் குடத்தில் தண்ணீருக்கு ஓடி விளையாட இடம் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு பக்கம் மோதி, பிள்ளையை அந்தப் பக்கமே இழுத்தது. மாடியெல்லாம் ஈரம், பாவாடையெல்லாம் ஈரம், ஒரே சிரிப்பு. மறுநாள் விளிம்புவரை நிறைத்தேன். சிரிப்பு நின்றது. குடம் அமைதியாக இருந்தது, பிள்ளைகளும் அமைதியானார்கள். இடுப்பு தானாக வெளியே தள்ளிக் குடத்துக்கு இடம் கொடுத்தது. உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. வெறுங்கை தள்ளி நீண்டு நிறை பார்த்துக்கொண்டது. இந்த மூன்றையும் நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. தண்ணீர் சொல்லிக் கொடுத்தது.

அதோடு என் பழைய அடவுகள் பலதும் செல்லாமல் போயின. தட்டடவில் காலைத் தூக்கித் தட்டினால் குடத்து வாயில் தண்ணீர் குதிக்கிறது. ஆகவே தட்டக்கூடாது, பாதத்தை முன்பக்கமாக வைத்து, பிறகு குதிகாலை இறக்கவேண்டும். சலங்கை சத்தமே கேட்கவில்லை. கழற்றிவிடச் சொன்னேன். ஆனால் அரைமண்டி மட்டும் வலுவாக நின்றது. மடங்கிய முட்டிதான் அலையை அடக்குகிறது. ஊற்றில் கோருவதற்கு, நாங்கள் பிடிக்கிற முத்திரைகளையெல்லாம் விட்டுவிட்டு ஆளுக்கொரு சிரட்டை கொடுத்தேன். மேலாக்கில் கோரவேண்டும், கலக்கக்கூடாது என்று சொன்னதும், அந்தக் கைகள் நான் கற்பித்த எந்த ஹஸ்தத்தைவிடவும் மெதுவாகப் போயின.

ஒத்திகை பார்க்க எங்கள் தெருவிலுள்ள ஆச்சி ஒருத்தரை அழைத்திருந்தேன். எண்பதைத் தாண்டிய வயது. அவரும் கிழக்கே இருந்து வந்தவர்தான். முழுவதும் பார்த்தார். சுமைதாங்கியில் குடத்தை இறக்கி, பிள்ளைகள் முகம் துடைக்கிற இடத்தில் அவரும் சேலை முந்தியை எடுத்தார். எனக்குள் ஒரு நிறைவு. முடிந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாருக்கு பிள்ளே. ஆனா நாங்க போற வழி எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"வாற வழிய மட்டும் காட்டுதியே. தண்ணிக்குப் போற வழி? வெறுங்குடத்தோட போவோம்லா? அப்பத்தான் நாங்க பேசுவோம், சிரிப்போம், ஒருத்திய ஒருத்தி இடிப்போம். மாமியாரையும் மாப்பிளையையும் அப்பத்தான் ஏசுவோம். குடத்துல தாளம் போட்டுக்கிட்டே போவோம். வீட்டுல ஆட முடியுமா, தெருவுல ஆட முடியுமா? அந்த ஒன்றரை மைலுதான் எங்களுக்கு. வாறப்ப ஆரு பேசுவா? தண்ணி சிந்திரும்லா?"

நான் அப்படியே இருந்துவிட்டேன். எனக்கும் அது தெரியும். என் அம்மா அந்த இருட்டில் வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்து விரலால் தட்டிக்கொண்டே நடந்ததும், சித்தி எதையோ சொல்ல அம்மா ஓடை கேட்கச் சிரித்ததும், அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் நான் ஒருநாளும் கேட்காததும், எல்லாம் அந்த நொடியில் திரும்பி வந்தது. அவள் உச்சந்தலையில் முடியில்லாத இடத்தைத் தொட்ட பிறகு, நான் கனத்தை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, குடங்களில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். கழற்றி வைத்த சலங்கையைத் திரும்பக் கட்டச் சொன்னேன். முதல் நாள் நடந்த அதே நடையை நடக்கச் சொன்னேன்.

"நெசமாவா டீச்சர்? குடத்த ஆட்டலாமா?"

"ஆட்டு மக்கா. தண்ணிக்குத்தான போறே."